முடிச்சு இட்ட கைகள்
திண்டுக்கல் சமவெளியின் நூல்வேலை வரலாறு

கொடையைப் பாடிய தமிழ்ப் புலவர்கள் கொடைப்பொருளைச் செய்த கைகளைப் பாடியது அரிது. பழனி மலைநாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன், குளிரில் வாடுமோ என்றெண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்தான் என்னும் செய்தியைச் சங்க இலக்கியம் போற்றி வைத்திருக்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக அவன் வைத்தெண்ணப் பெற்றதும் அக்கொடையாலேயே. மயில் அறியாது, ஆயினும் அளித்தான். அப்போர்வைக்கான நூலை நூற்றவர் யார், நெய்தவர் யார் என்பதற்கு ஏடுகளில் விடையில்லை. இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துப் பழனிப் பகுதியில் நிகழ்ந்ததாகக் கூறப்பெறும் இந்த முதல் ஆடைக்கொடையிலேயே ஈந்தவன் பெயர் நின்றது. இழைத்தவர் பெயர் மறைந்தது.

இதே பேகனைப் பற்றிய மற்றொரு செய்தியும் ஈண்டு எண்ணத்தக்கது. அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியுடன் வாழ்ந்தான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வரும் அவனிடம் சென்று அவளுக்காக இரந்து பாடினர். மயிலுக்கு இரங்கிய நெஞ்சம் மனைவிக்கு இரங்கவில்லையே என்பது அப்பாடல்களின் அடியில் ஓடும் கேள்வி. வேறு பரிசில் எதுவும் வேண்டா, அவள் துயரைக் களைவதே எமக்குப் பரிசில் என்னும் கருத்துப்படப் பரணர் பாடினார். கொடையின் மதிப்பு பொருளில் இல்லை, கொடுப்பவர்க்கும் பெறுபவர்க்கும் இடையே உள்ள உறவில் இருக்கிறது என்பதைப் புலவர்கள் அன்றே உணர்ந்திருந்தனர். கையால் பின்னிய ஆடையையும் அன்பளிப்பையும் பற்றிய வரலாற்றுக்கு இவ்வுணர்வே தொடக்கம்.

நூலும் பனுவலும்

நூல் என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிக்கிறது. பனுவல் என்பதும் அவ்வாறே. பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவர் நன்னூலில் நூலியற்றும் புலவனை நூல் நூற்கும் பெண்ணோடு ஒப்பிடுகிறார். சொல்லே பஞ்சு, வாயே கை, அறிவே கதிர் என விரியும் உருவகம் அது. புலவர்க்குப் பெருமை சேர்க்கத் தேடிய உவமை நூற்கும் பெண்ணிடமே கிடைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

எனினும் உவமையாக நின்ற அப்பெண்ணின் வாழ்வு இனிதாக இருந்ததா? புறநானூறு காட்டும் பருத்திப் பெண்டு இரவிலும் விளக்கேற்றி வேலை செய்பவள். நற்றிணை குறிப்பிடும் நுண்ணிய நூல், ஆண் துணையில்லாப் பெண்டிர் தம் முயற்சியால் நூற்றது. ஆக, தமிழகத்தின் பழைய நூற்பு வேலை பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. தனித்து நின்ற பெண்களின் வயிற்றுப்பாடாகவே பிறந்தது. கைவேலை என்றாலே இன்பம் என்று கொள்வோர் இந்த விளக்கொளியை மறந்துவிடலாகாது.

சின்னாளப்பட்டியின் புள்ளிகள்

திண்டுக்கல்லுக்குத் தெற்கே, மதுரை செல்லும் வழியில், சிறுமலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்தது சின்னாளப்பட்டி. தறியொலியால் பெயர் பெற்ற ஊர். இவ்வூரின் பெயரையே தாங்கிய சின்னாளப்பட்டுச் சேலை ஒருகாலத்தில், அசல் பட்டு வாங்க இயலாத எத்தனையோ குடும்பங்களின் மணவிழாக்களில் பட்டின் இடத்தை நிரப்பியது. அதனினும் நுட்பமானது சுங்குடி.

நாயக்கர் காலத்தில் மதுரையில் வேரூன்றிய சௌராட்டிரர் கொண்டுவந்து வளர்த்த கலை சுங்குடி. மதுரையிலும் சின்னாளப்பட்டியிலும் அது தழைத்தது. துணியை மடித்துப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியிலும் துணியை நக நுனியால் கிள்ளி எடுத்து, அதன் கழுத்தில் நூலை இறுகச் சுற்றி முடிச்சிடுவர். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். பின்னர்ச் சாயத்தில் தோய்த்து, உலர்த்தி, முடிச்சுகளை அவிழ்ப்பர். சாயம் ஏறாத இடம் வெண்புள்ளியாய்ப் பூக்கும். முடிச்சு இருந்தவரை பூ இல்லை. பூ வந்தபோது முடிச்சு இல்லை. இட்ட கையின் உழைப்பு மறைந்துபோவதே அக்கலையின் இலக்கணம்.

முடிச்சிட்டவர் பெண்கள். அடுப்படி வேலை முடிந்த நண்பகலிலும் அந்தி நேரத்திலும் திண்ணையில் கூடியமர்ந்து, பேசிக்கொண்டே விரல்களை ஓட்டினர். அயலார் பார்வைக்கு அது பொழுதுபோக்கு. கணக்கு நோட்டிலோ அது முடிச்சுக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்னும் கூலிவேலை. இரண்டுமே உண்மை. கூடியிருந்து செய்வதில் மகிழ்ச்சி இருந்தது. கூலி சொற்பமாகவும் இருந்தது. மெழுகு அச்சும் திரை அச்சும் வந்தபின் ஒரே நாளில் பல சேலைகளில் புள்ளி வைக்க முடிந்தது. கைம்முடிச்சு ஒதுங்கியது. 2005இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு காப்பது பெயரை. விரலைக் காப்பது அடுத்த தலைமுறை அதைக் கற்க விரும்புமா என்பதைப் பொறுத்தது. கைம்முடிச்சுச் சேலை வெறும் புள்ளி மட்டுமன்று, தொட்டால் மேடு பள்ளமாய்த் தட்டுப்படும் ஒரு நினைவு என்பதை உடுத்தியவர் அறிவர்.

ஊசி வந்த வழி

நெசவுக்கு ஊடும் பாவும் வேண்டும். ஊசிப் பின்னலுக்கு ஒரே நூல் போதும். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்து, அதனுள் மற்றொன்றை இழுத்து வரிசை வரிசையாய் ஏறுவது அது. எகிப்தில் கிடைத்த பழைய பருத்திக் காலுறைகள் இக்கலையின் தொன்மைக்குச் சான்று. 1589இல் இங்கிலாந்தின் வில்லியம் லீ என்பார் காலுறை பின்னும் பொறியைச் செய்தார். கையில் இரண்டு ஊசிகளுடன் பின்னும் பழக்கம் தமிழகத்துக்கு ஐரோப்பியர் வழியே வந்தது.

தெற்கே நாகர்கோவிலில், 1819இல் வந்து சேர்ந்த மால்ட் தம்பதியரில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னல் கற்பித்தார். அப்பின்னல் விற்ற பணம் அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையைப் பெற உதவியது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல் ஒழிக்கப்படுவதற்கு முன்பே நூல் ஒரு சாவியாய்த் திறந்த கதவு அது. ஊசிப் பின்னலின் தமிழ்நாட்டு வரலாற்றில் ஓய்வுக்கு முந்தியது உரிமை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

திண்டுக்கல்லிலும் மதுரை அமெரிக்க மிஷன் 1835இல் தன் நிலையத்தை நிறுவியது. மிஷன் பள்ளிகள் பெண்களுக்கு எழுத்தோடு தையலையும் கற்பித்தன. வெயிலுக்கும் நோய்க்கும் அஞ்சிய அம்மிஷனரிகள் 1845இல் கோடைக்கானல் மலையில் வீடு கட்டிக் குடியேறத் தொடங்கினர். கம்பளி நூலுக்கு மலையில் வேலை இருந்தது. புளியமரமும் புழுதியும் வெயிலும் நிறைந்த சமவெளியில் கம்பளிச் சட்டைக்கு என்ன வேலை? இக்கேள்விக்குச் சமவெளிப் பெண்கள் கண்ட விடை அழகானது. தமக்காக அவர்கள் பின்னவில்லை. பிறக்கவிருக்கும் குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும், மார்கழிப் பனியில் விடியுமுன் எழும் முதியவருக்குக் கழுத்துத்துணியும், வடக்கே பட்டாளத்தில் இருக்கும் தம்பிக்கு ஸ்வெட்டரும் பின்னினர். பின்னுபவருக்குத் தேவைப்படாத ஒன்றைப் பின்னும்போது அது முழுவதும் அன்பளிப்பாகிவிடுகிறது.

நூற்பு வேள்வி

இந்நூற்றாண்டுகளின் கதையில் பெருந்திருப்பத்தை உண்டாக்கியவர் காந்தியடிகள். 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் அவர் மேலாடை துறந்து அரையாடை பூண்டார். கதர் வாங்கவும் வசதியற்ற ஏழையரோடு தம்மை ஒப்ப வைத்துக்கொண்ட செயல் அது. ஆடையைக் குறைத்த அவரே நூலைப் பெருக்கச் சொன்னார். 1924 டிசம்பரில் அவர் தலைமையில் கூடிய பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2000 கெஜம் நூலைச் சந்தாவாகச் செலுத்த வேண்டும் என்னும் விதியை ஏற்றது. காசுக்குப் பதில் கைநூல்.

ஆயினும் அவ்விதியிலேயே ஓர் இடைவழியும் இருந்தது. நூற்க விருப்பமில்லாதவர் பிறர் நூற்ற நூலை அதே அளவில் கொடுக்கலாம். அவ்வழியை நாடினோர் பலர். அடுத்த ஆண்டே, 1925 செப்டம்பரில், நாலணாவோ நூலோ எதையேனும் கொடுக்கலாம் என விதி தளர்ந்தது. அவ்வாண்டிலேயே அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றியது. பிறர் நூற்றதைத் தம் பெயரால் கொடுப்பது சந்தாவாகலாம், வேள்வியாகாது. இந்த வேறுபாட்டை அரசியல் மறந்தாலும், நூல் மறப்பதில்லை.

1942 மார்ச் 26ஆம் நாள் அலகாபாதில் இந்திராவின் திருமணம் நடந்தபோது அவர் உடுத்தியிருந்தது, தந்தை நேரு சிறையில் நூற்ற நூலால் நெய்த கதர்ச் சேலை. நாட்டின் பெருஞ்செல்வக் குடும்பங்களுள் ஒன்று தன் மகளுக்கு அளித்த மணச்சேலை சிறைப்பொழுதால் ஆனது. வெறுமையாய்க் கழிந்திருக்கக்கூடிய நாள்களை ஒரு தந்தை இழையாக மாற்றி மகளுக்குக் கொடுத்தார். கையால் செய்த அன்பளிப்பு என்பது கொடுப்பவர் தம் வாழ்நாளில் ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுப்பதே என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது.

1946 பிப்ரவரியில் காந்தியடிகள் மதுரைக்கும் பழனிக்கும் வந்து சென்றார். அடுத்த ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், சின்னாளப்பட்டியை அடுத்து, டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினர். டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாய்ப் பிறந்து, இளமையில் கணவரை இழந்து, பின் டில்லியில் மருத்துவம் பயின்று, ஊர்ப்புற மக்களுக்கு உழைக்க வந்தவர் சௌந்திரம். கல்வியும் மருத்துவமும் போல் இராட்டையும் அங்கே அன்றாட வாழ்வாயிற்று. ஆதாரக் கல்வியின் வழியே பள்ளிப் பிள்ளைகள் தக்ளியில் நூற்றனர். 1956இல் கிராமியக் கல்வி நிலையமாகவும் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் அது வளர்ந்தது. தமிழகத்தைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் சர்க்கா ஐம்பதுகளில் பரவியபோது, ஒற்றைக் கதிர் பல கதிர்களாயிற்று. வேள்வியாய் இருந்தது மெல்லத் தொழிலாயிற்று. கூலி கூடிற்று என்பது நன்மையே. இசைபோல் இழைந்த தனிமை குறைந்தது என்பதும் உண்மையே.

காந்திகிராமம் பிறந்த அதே பருவத்தில், 1947 நவம்பரில், காந்தியடிகள் ஒரு மணப்பரிசை அனுப்பினார். இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு அவர் நூற்ற நூலால் பின்னப்பட்ட லேஸ் துணி அது; நடுவே ஜெய்ஹிந்த் என்னும் எழுத்துகள். பொன்னும் மணியும் குவிந்த பரிசுகளிடையே அவ்வெண்துணியைக் கண்ட இராணி மேரி அதனை அரைத்துணி என்றெண்ணி முகம் சுளித்ததாகச் செய்தி உண்டு. பேரரசின் அரண்மனையில் பொருளின் விலையை அறிந்த கண்கள் இருந்தன; பொழுதின் விலையை அறியும் கண்கள் அருகியிருந்தன. எனினும் அத்துணி அரண்மனைச் சேகரிப்பில் போற்றிக் காக்கப்பட்டு வந்தது.

அத்துணியைப் பின்னியவர் யார்? தம் பேரன் முறையினரிடம் பயின்ற பஞ்சாபிப் பெண் ஒருத்தி என்று மட்டுமே காந்தியடிகளின் கடிதம் சொல்கிறது. நாடு பிளவுண்டு பஞ்சாபம் குருதியில் தோய்ந்திருந்த மாதங்கள் அவை. அந்நாளில் அமர்ந்து, கண்ணி பிசகாமல், அயல்நாட்டு மணமகளுக்காக ஒரு துணியைப் பின்னி முடித்த அப்பெண்ணின் பெயர் அக்கடிதத்தில் இல்லை. பேகனின் போர்வைக்கு நேர்ந்தது இதற்கும் நேர்ந்தது.

ஒயர் கூடையும் ஓய்வுப் பொழுதும்

விடுதலைக்குப் பிந்திய தலைமுறையில் இக்கலை வீட்டுக்கூடத்துக்கு வந்தது. குரோஷா ஊசியால் பின்னிய மேசை விரிப்பு, உல்லன் நூலில் செய்த வாசல் தோரணம் ஆகியவை நடுத்தர வீடுகளின் அடையாளமாயின. பின்னர்ப் பிளாஸ்டிக் ஒயர் வந்தது. ஒயர் கூடை பின்னாத தெருவே சிற்றூர்களில் இல்லை என்னும் காலம் ஒன்றிருந்தது. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெண்கள் இட்ட பெயர்களில் கோயிலும் தோட்டமும் கடைத்தெருவும் கலந்து நிற்கின்றன. இலக்கணம் எழுதப்படாத ஒரு பெயரிடு மரபு அது. கூடை மகளுக்கும் மருமகளுக்கும் அடுத்த வீட்டாருக்கும் போயிற்று. காய்கறிச் சந்தைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் பின்னியவர் பெயர் சொல்லப்பட்டது. அக்காள் போட்டுக் கொடுத்த கூடை, சித்தி போட்ட கூடை என்றே அவை அழைக்கப்பட்டன.

வரலாற்றில் இது சிறிய செய்தியன்று. மன்னன் கொடையிலும் அரசியல் சந்தாவிலும் பிரிந்து நின்ற இருவர், செய்தவரும் கொடுத்தவரும், இங்கேதான் ஒருவராயினர். பொழுதுபோக்கு என்று எளிதாய்ச் சொல்லி ஒதுக்கப்படும் கைவேலையின் பெருமை இதுவே. அதில் கூலி இல்லை. ஆகவே விரைவும் இல்லை. பிசகினால் அவிழ்த்துவிட்டு மறுபடி தொடங்கலாம். ஒரே நூலால் ஆன பின்னலுக்கு அந்த மன்னிப்பு இயல்பிலேயே உண்டு, நூல் சேதமாவதில்லை. விரல்கள் எண்ணிக்கையைக் கையேற்றுக்கொள்ள, மனம் பெறப்போகிறவரைச் சுற்றி வரும். குழந்தையின் தலையளவை நினைந்து கண்ணிகளைக் குறைக்கும் பாட்டி, இன்னும் பாராத முகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

இத்தகைய தனியின்பம் பொதுக்கொடையாகவும் விரிவதுண்டு. 2016 ஜனவரி 31ஆம் நாள் சென்னையில், மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் என்னும் பெண்கள் குழுவினர் பல ஊர்களிலிருந்து பின்னி அனுப்பிய சதுரங்களை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை உருவாக்கி உலகச் சாதனை நிகழ்த்தினர். பின்னர் அது பிரிக்கப்பட்டு, இல்லாதோர்க்குப் போர்வைகளாகச் சென்றது. சாதனைக்காக இணைந்தது கொடைக்காகப் பிரிந்தது.

ஆலைநூலும் கைநூலும்

இவ்வின்பத்தைப் போற்றும்போது சமவெளியின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். திண்டுக்கல்லைச் சுற்றி, சிறப்பாக வேடசந்தூர் வட்டாரத்தில், நூற்பாலைகள் நிறைந்துள்ளன. அங்கே கதிர்களுக்கு இரவு பகல் இல்லை. மூன்றாண்டு உழைத்தால் திருமணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லி இளம்பெண்களை விடுதிகளில் அடைத்து வேலை வாங்கிய சுமங்கலித் திட்டம் என்னும் முறை கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. மங்கலச் சொல் ஒன்று இவ்வளவு துயரத்தைச் சுமந்தது வேறெங்கும் அரிது. 2022 ஏப்ரலில், பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் ஒன்று ஆடைத்தொழிலில் பெண்கள்மீதான வன்முறையைத் தடுக்கச் செய்துகொண்ட உடன்பாடு இவ்வூரின் பெயராலேயே திண்டுக்கல் உடன்படிக்கை என உலகில் வழங்கியது. இங்கே நூற்ற நூல் திருப்பூருக்குச் சென்று பனியனாகிக் கடல் கடக்கிறது. அணிபவர் அறியாத விரல்கள் இன்றும் விளக்கொளியில் விழித்திருக்கின்றன. புறநானூற்றுப் பெண் மறைந்துவிடவில்லை. அவள் ஏற்றும் விளக்குதான் மாறியிருக்கிறது.

இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, கைவேலை உயர்ந்தது, பொறிவேலை தாழ்ந்தது என முடித்துவிடுதல் எளிது. வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. கையால் செய்த சுங்குடியிலும் கூலிக்குறை இருந்தது. நாகர்கோவிலின் கூலிப் பின்னல் விடுதலைக்கு விலையாயிற்று. வேலை இன்பமாவது ஊசியாலோ நூலாலோ அன்று. செய்பவரின் பொழுது அவருக்கே உரியதாய் இருக்கிறதா, தாம் செய்வது யாரைச் சேரும் என்பதை அவர் அறிவாரா என்பவையே அதை முடிவு செய்கின்றன. மணநாளில் மகள் உடுத்தப்போவதை அறிந்து நூற்ற தந்தைக்குச் சிறையும் இனித்தது. யாருக்கென்று அறியாமல் நூற்கும் இளம்பெண்ணுக்கு ஆலை சிறையாயிற்று.

ஆகவே ஒரு பெண்ணோ ஆணோ வேலை முடிந்த மாலையில் ஊசியை எடுத்து, அன்புக்குரிய ஒருவரை நினைந்து முதற்கண்ணியை இடுவது, சமவெளியின் நூல்வரலாற்றில் பெறுதற்கரிய உரிமையொன்றைப் பயன்படுத்துவதாகும். அவ்வுரிமை ஓய்வு எனப்படும். அது இன்னும் அனைவர்க்கும் வாய்க்கவில்லை. வேடசந்தூர் ஆலையில் முறைவேலை முடித்து வரும் பெண்ணுக்கும் ஒரு மாலைப்பொழுது சொந்தமாகி, அவள் தன் தங்கையின் குழந்தைக்கு ஒரு குல்லாய் பின்னும் நாள் வரும்போது, அதில் அவள் பெயரைச் சொல்ல ஒரு வீடு இருக்கும்.